தேய்ந்ததும் கிழிந்ததும்

ஜனவரி 7

என் செல்லத் தம்பி அகராதிக்கு,

முதலில் மன்னிப்பு. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். சில எழுத்து வரிக்கு மேலே ஏறி உட்காரும், சிலது கீழே தொங்கும். ஈரத்துணியைப் பிழியாமல் கொடியில் போட்டது போல இருக்கிறது என்று டீச்சரே சொல்லிவிட்டார். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. பொறுமையாகப் படி.

நீ சுகம்தானே? முதுகுவலி எப்படி? என் முழங்கால் மட்டும் அவ்வப்போது கோபித்துக்கொள்கிறது. மற்றபடி எழுபத்தொரு வயதுக்கு நான் ஜோர்.

உறையைப் பார்த்துத் திகைத்திருப்பாய். ஆமாம், நானேதான். யாரையும் கெஞ்சி எழுதச் சொல்லவில்லை. எட்டு மாதமாக நூலக மாடியில் மாலை நான்கு மணி வகுப்புக்குப் போகிறேன். உன்னிடம் மறைத்துவிட்டேன். முதல் கடிதத்தை முழுசாக எழுதி உன்னை அசத்த வேண்டும் என்று ஆசை. நாற்பது வருஷம் நீதான் எனக்குக் கண்ணாக இருந்தாய். வந்த கடிதத்தை நீ படித்தாய், போன கடிதத்தை நீ எழுதினாய், கீழே கையெழுத்துக்குப் பதிலாக என் சலவைக் குறியை மட்டும் நான் போட்டேன். இனி உன் கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு.

டீச்சர் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு சொல்லில் முட்டி நின்றால், "லைன்லயே இருங்க சார், கட் பண்ணிடாதீங்க" என்பார். என் பக்கத்தில் ஒரு லாரிக்காரர். முப்பது வருஷம் எழுத்துத் தெரியாமலே லாரி ஓட்டியிருக்கிறார். "எப்படிங்க ஊர் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். "மோப்பம்தான்" என்றார்.

தமிழ் ஓரளவு வந்ததும் டீச்சர் இங்கிலீஷில் சின்னச் சின்ன வார்த்தையும் சொல்லித் தருகிறார். அதில்தான் ஒரு அதிசயம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து வாசலில் இரண்டு இரும்புத்தொட்டி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டிலும் நாலெழுத்து இங்கிலீஷ். கடைசி மூன்றெழுத்து ஒரே மாதிரி. ஒன்றின் முதல் எழுத்து இரண்டு பள்ளம் சேர்ந்தது போல, இன்னொன்றுடையது கொடிக்கம்பம் போல. பள்ளத்துத் தொட்டியில் போட்டால் துணியை வெட்டித் தரை துடைக்க எடுத்துக்கொள்வார்கள். கம்பத்துத் தொட்டியில் போட்டால் தையல் பிரிவுக்குப் போகும். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட மாற்றிப் போட்டதில்லை. ஆனால் அது என்ன வார்த்தை என்று போன வாரம்தான் தெரிந்தது: வோர்ன், டோர்ன். தேய்ந்தது, கிழிந்தது!

நீ அகராதி ஆபீசில் தலை நரைத்தவன். சொல், அவை இரண்டும் அண்ணன் தம்பியா?

உன் பதிலை நானே படிப்பேன். அதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

உன் அண்ணன்


ஜனவரி 15

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நாலாவது முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படிக்க வேண்டியிருந்தது. நான் நலம். முதுகு, நாற்காலியில் உட்காரும்வரை நன்றாக இருக்கிறது. நீங்கள் முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

கையெழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. ஆனால் கெட்டிக்காரக் கோழி.

வோர்ன், டோர்ன் இரண்டும் உடன்பிறப்புகள் அல்ல. முதலாவது, உடுத்துதல் என்ற பொருளுள்ள குடும்பத்தில் பிறந்தது. உடுத்தி உடுத்தித் துணி தேய்கிறது அல்லவா, அதனால் தேய்தல் என்றும் பொருள் வந்தது. இரண்டாவது, உரித்தல், பிளத்தல் என்ற பழைய வேரிலிருந்து வந்தது. பழைய காலத்தில் வோர்ன் என்ற வடிவமே இல்லை. அதற்கு வேறு உருவம் இருந்தது. டோர்ன் போன்ற சொற்களோடு பழகிப் பழகி அவற்றின் முகத்தை வாங்கிக்கொண்டது. பூவோடு சேர்ந்த நார் கதை.

பென், பென்சில் இரண்டையும் டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். உலகமே அவை உறவு என்று நினைக்கிறது. உறவே இல்லை. பென் என்பது பறவையின் இறகு. பென்சில் என்பது சின்ன வால். வால் போன்ற தூரிகைக்கு முதலில் அந்தப் பெயர்.

இன்னும் கேளுங்கள் அண்ணா. என்னிடம் இப்படிக் கேட்க வீட்டில் யாரும் இல்லை.

தங்கள் அன்புத் தம்பி


ஜனவரி 29

அகராதிக்கு,

சுகம்தானே? நான் சுகம். ஒத்தடம் கொடுக்கிறேன். அதைவிடப் படிப்பு நல்ல மருந்து. படிக்கும்போது கால் வலிப்பதே தெரிவதில்லை.

இறகும் வாலும் கதையை வகுப்பில் சொன்னேன். லாரிக்காரர், "அப்போ நான் இத்தனை நாளா வாலைப் பிடிச்சுத்தான் எழுதினேனா?" என்றார். டீச்சர் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது.

கண்ணில் படுவதை எல்லாம் படிக்கிறேன். மருந்துச் சீட்டு, பஸ் நெற்றி, சோப்பு உறை. மருந்துக்கடைக்காரர், "பெரியவரே, கடையைப் படிச்சே காலி பண்ணிடுவீங்க போலிருக்கே" என்கிறார்.

அச்செழுத்து இப்போது பழகிவிட்டது. கையெழுத்துதான் கஷ்டம். "வீட்ல பழைய லெட்டர் இருந்தா எடுத்துப் படிங்க சார், அதுதான் நல்ல பயிற்சி" என்றார் டீச்சர். உடனே ஞாபகம் வந்தது. உன் அக்கா, நம் கடுகு எழுதிய ஏழு கடிதம் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறதே!

பாவி, கல்யாணமாகி ரயிலில் இரண்டு நாள் தூரம் போனாள். இரண்டு வருஷம் எழுதினாள். அப்புறம் முப்பத்தாறு வருஷமாக ஒரு வரி இல்லை. சந்தோஷமாக இருப்பவர்களுக்குப் பிறந்த வீடு மறந்துபோகும், நாம் நச்சரிக்கக் கூடாது என்று நீதான் எனக்குச் சமாதானம் சொன்னாய். சரிதான். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று அவளைக் கேலி செய்வோமே, அந்தக் காரம் எங்கே போனதோ.

நீ ஒவ்வொரு கடிதத்தையும் படித்துக் காட்டியதும் உறையின் பின்னால் குறி மையால் ஒரு படம் போடுவேன், நினைவிருக்கிறதா? துணிக்குப் போடுவது போலத்தான். பிறகு எடுத்துப் பார்த்தால் என்ன சேதி என்று தெரிய வேண்டுமே. குடை போட்டிருந்தால் உடம்பு சரியில்லை. வீடு போட்டிருந்தால் புது வீடு. சூரியன் போட்டிருந்தால் சந்தோஷம். இப்போது முன்னால் இருப்பதைப் படித்து, பின்னால் இருக்கும் படத்தோடு ஒத்துப் பார்க்கப் போகிறேன். பரீட்சை போல! டப்பா மூடி துருவேறிக் கிடக்கிறது. எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். தங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

அந்தப் பழைய கடிதங்களை இப்போது எடுக்க வேண்டாம். முப்பத்தாறு வருஷத் தூசி. உங்களுக்கு இருமல் வந்தால் லேசில் போகாது. மையும் மங்கிப் போயிருக்கும், கண்ணைக் கெடுத்துக்கொள்வீர்கள். அக்காவின் கையெழுத்து எனக்கே சரியாகப் புரியாது. டப்பாவை அப்படியே பார்சலில் அனுப்பி வையுங்கள். நான் பெரிய எழுத்தில் அழகாகப் பிரதி எடுத்து அனுப்புகிறேன். அதற்குள் படிக்க ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். நிறையப் படங்கள் இருக்கின்றன.

ஐல், ஐலண்ட் என்று இரண்டு சொல் உண்டு. இரண்டுக்கும் தீவு என்றுதான் பொருள். முகம் பார்த்தால் அக்கா தம்பி என்பீர்கள். ஆனால் ஐல் லத்தீன் வீட்டுப் பிள்ளை, ஐலண்ட் சொந்த மண்ணின் பிள்ளை. ஐலண்ட் என்ற சொல்லின் நடுவில் முன்பு எஸ் கிடையாது. படித்தவர்கள், இதுவும் ஐலுக்கு உறவுதான் என்று தப்பாக நினைத்து, ஒரு எஸ்ஸைச் செருகிவிட்டார்கள். இன்றுவரை யாரும் அதை உச்சரிப்பதில்லை. எடுப்பதும் இல்லை. இதை வகுப்பில் சொல்லுங்கள், ரசிப்பார்கள்.

டப்பாவை மறக்காமல் அனுப்புங்கள். திறக்கக்கூட வேண்டாம்.

தங்கள் தம்பி


பிப்ரவரி 14

அகராதிக்கு,

இருமல் இல்லை, தூசி இல்லை. டப்பாவுக்குள் கடிதங்கள் புதுக்கருக்கு மாறாமல் இருக்கின்றன. புத்தகம் கிடைத்தது. யானைப் படம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் அடேய், நான் என்ன நாலு வயதுப் பிள்ளையா?

டப்பாவை அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ளாதே. உன் பிரதியைப் படித்தால் உன் கையெழுத்தைத்தானே படித்ததாகும்? எனக்கு அவள் கையெழுத்தைப் படிக்க வேண்டும்.

நாலு கடிதம் முடித்துவிட்டேன். ஒன்றுக்கு மூன்று நாள் பிடிக்கிறது. முதல் உறைக்குப் பின்னால் வீடு போட்டிருந்தேன். உள்ளே, "அண்ணா, இரண்டு ஜன்னல் உள்ள வீடு கிடைத்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறாள்! சத்தம் போட்டுப் படித்தேன். பக்கத்து அறைக்காரர், "யாருங்க வந்திருக்கறது?" என்று எட்டிப் பார்த்தார். என் தங்கை வந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவதில் குடை. அவளுக்குக் காய்ச்சல். அதுவும் சரி. நாலுக்கு நாலு சரி. நீ வார்த்தை பிசகாமல் படித்துக் காட்டியிருக்கிறாய். பெருமையாக இருந்தது.

மீதி மூன்று. மூன்றிலும் பின்னால் சூரியன். பலகாரத்தைக் கடைசியில் தின்ன வைப்பது போல அவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். ட்ரீ என்றால் மரம். ட்ரூ என்றால் உண்மை. நாலெழுத்தில் ஒரே ஒரு எழுத்துதான் மாறுகிறது. இதுவும் வெறும் முகச்சாயல்தானா, இல்லை உறவா? டீச்சருக்கு நிச்சயமாகத் தெரியவில்லையாம். "உங்க தம்பிக்கு ஒரு டிரங்க் கால் போடுங்க" என்றார். சீக்கிரம் சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 18

அண்ணா,

நலம்தானே? நானே நேரில் வருகிறேன். அடுத்த சனிக்கிழமை. அந்த மூன்றையும் நான் வந்த பிறகு சேர்ந்து படிக்கலாம். தயவுசெய்து காத்திருங்கள்.

தம்பி


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடல்நலம் எப்படி இருக்கிறது? ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. வருகிறேன் என்று சொல்லி வராமல் போனது என் தப்பு. முதுகு பிடித்துக்கொண்டது. ஸ்டேஷன் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மருந்துக்கடைக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டாவது முறை நீங்கள் வந்து போனைக் கையில் வாங்கினீர்கள். நான் "அண்ணா" என்றதும் கீழே வைத்துவிட்டீர்கள். "லைன் கட்டாயிடுச்சு போல" என்றார் கடைக்காரர். ஆகவில்லை என்று எனக்குத் தெரியும்.

கெஸ்ட், ஹோஸ்ட் பற்றிச் சொல்லலாம் என்று இருந்தேன். விருந்தாளியும் விருந்து கொடுப்பவரும் ஒரே வேரில் பிறந்தவர்கள். அந்நியன் என்பது அந்த வேரின் பொருள். அதே வேரிலிருந்துதான் லத்தீனில் பகைவன் என்ற சொல்லும் வந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அதை மனதார எழுதுகிறேன். மற்றதை எழுதத்தான் ஒரு மாதம் ஆயிற்று.

உனக்காக எட்டு நாள் காத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வரை காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் சூரியனைத் திறந்தேன்.

அவள் எழுதியிருப்பது இது: "அண்ணா, எனக்கு இங்கே சரியில்லை. அவர் வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார். இதை ஜன்னல் வழியாகத் தையல்கடை அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்."

முதலில் நான் தப்பாகப் படிக்கிறேன் என்றுதான் நினைத்தேன். புதுசாகப் படிப்பவன்தானே. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஏழு தடவை படித்தேன். பிறகு டீச்சரிடம் கொண்டு போனேன். அவர் வாய்க்குள் படித்துவிட்டு, "சார், நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க" என்றார். அன்றைக்கு மட்டும் தப்பு என்று சொல்ல மாட்டாரா என்று இருந்தது.

அன்றைக்கு நீ எனக்குப் படித்துக் காட்டியது என்ன தெரியுமா? எனக்கு ஞாபகம் இருக்கிறது. படிக்காதவனுக்கு ஞாபகம்தான் நோட்டுப் புத்தகம். "பெரிய கதவு வச்ச வீடாம்ணா, அவ்வளவு பாதுகாப்பாம்" என்றாய்.

இரண்டாவது கடிதத்தில் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எழுத்துத் தெரியாவிட்டாலும் குறி பார்த்த கண் இது. "ஏண்டா எழுத்து சாஞ்சு கெடக்கு?" என்று கேட்டேன். "சந்தோஷத்துல கை நிக்கலையாம்ணா" என்றாய். நான் சிரித்தேன். இப்போது படிக்கிறேன்: "வலது கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன். எப்படி உடைந்தது என்று நேரில் சொல்கிறேன்."

மூன்றாவது: "வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்பேன். அன்றைக்கு வர முடியாவிட்டால் அடுத்த ஞாயிறும் நிற்பேன். தையல்கடை விலாசம் கீழே." அதற்கு நீ, "ஞாயித்துக்கிழமை எல்லாம் ஊர் சுத்தப் போறாங்களாம்" என்றாய்.

அவள் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் மூன்று சூரியன் வரைந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வருஷமும் நான் அவளைத் திட்டினேன். நன்றி கெட்டவள் என்றேன். நீ கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்.

ட்ரூவுக்கும் ட்ரீக்கும் உறவு உண்டா என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. டீச்சர் யாரிடமோ விசாரித்துச் சொன்னார். ஒரே வேராம். மரம் போல அசையாமல் நிற்பது எதுவோ அதுதான் உண்மையாம்.

தையல்கடை விலாசத்துக்கு நான் எழுதிவிட்டேன். முப்பத்தாறு வருஷம் கழித்து அங்கே யார் இருப்பார்கள் என்று தெரியாது. எழுதிவிட்டேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். ஏன்?

அண்ணன்


ஏப்ரல் 9

என் அண்ணாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். அதைப் படித்ததும் தையல் மிஷினை நிறுத்திவிட்டேன். வாடிக்கையாளர் ஒருத்தி, "என்னக்கா, நூல் அறுந்துடுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நான் நலம். கண்ணாடி போட்டிருக்கிறேன். வலது கை மழைக்காலத்தில் வலிக்கும், மற்றபடி வேலை செய்யும். நீங்கள் உறையில் எழுதிய தையல்கடைக்கு இப்போது நான்தான் சொந்தக்காரி. அன்றைக்கு ஜன்னல் வழியாகக் கடிதம் வாங்கிய அக்கா, நான் கடைசிக் கடிதம் எழுதிய வாரமே பூட்டுக்காரனை அழைத்து வந்து கதவைத் திறந்துவிட்டார். கட்டிய சேலையோடு வந்தேன். அவருக்குக் கடைசிவரை நான்தான் துணை. கிழிசல் தைப்பதில் இந்தத் தெருவிலேயே நான்தான் பேர் வாங்கினவள்.

முதலில் நம்பவில்லை அண்ணா. உங்கள் பேரில் யாரோ எழுதுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தேன். வரிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இப்படி யாரும் பொய்யாக எழுத முடியாது என்று தோன்றியது. எழுத்து மோசமாக இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அது நன்றாக இருந்திருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன்.

ஏனென்றால் உங்களிடமிருந்து எனக்கு ஏற்கெனவே ஒரு நல்ல கையெழுத்துக் கடிதம் வந்திருக்கிறது. நாலு ஞாயிறு ஸ்டேஷனில் நின்ற பிறகு வந்தது. இத்தனை வருஷம் அதைக் கிழிக்காமல் வைத்திருந்தேன். எப்போதாவது உங்களைப் பார்த்தால் முகத்தில் வீச வேண்டும் என்று வைத்திருந்தேன். இத்துடன் அனுப்புகிறேன். நீங்களே படியுங்கள். கீழே உங்கள் குறி இருக்கிறது, வட்டத்துக்குள் புள்ளி. அதைப் பார்த்துத்தான் நான் நம்பினேன்.

சின்னவன் நன்றாக இருக்கிறானா? பெரிய படிப்புப் படித்தானாமே. நீங்கள் எந்த ஞாயிறு வந்தாலும் காலை ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்கிறேன்.

உங்கள் கடுகு


ஏப்ரல் 12

அண்ணா,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமைகூட எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஏன் என்று கேட்டீர்கள். அந்த வருஷம் எனக்குக் கடைசிப் பரீட்சை. இரண்டு மாதம்தான் இருந்தது. அக்கா கடிதத்தைப் படித்துக் காட்டியிருந்தால் நீங்கள் அந்த நிமிஷமே வேலையைப் போட்டுவிட்டு ரயில் ஏறியிருப்பீர்கள். அக்காவையும் கூட்டி வந்திருப்பீர்கள். சலவைக்கூடத்துக்குப் பின்னால் அந்த ஒற்றை அறையில் மூன்று பேர். நான் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு இருபத்துமூன்று வயது. பயந்துவிட்டேன். பரீட்சை முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். முடிந்தது. அதற்குள் அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டாள். பிறகு சொல்ல நாக்கு எழவில்லை.

படிக்கும்போது சிலதை மாற்றினேன். அது மட்டும்தான் நான் செய்த குற்றம். நீங்கள் சொல்லி எழுதிய பதில்களில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. அதை மட்டுமாவது நம்புங்கள்.

அக்காவுக்கு இனி நீங்கள் எழுத வேண்டாம். நானே விஷயத்தைப் பக்குவமாக எடுத்து எழுதுகிறேன். உங்களுக்கு அந்த வேதனை எதற்கு?

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

சுகமாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்பே கடுகின் கடிதம் வந்துவிட்டது. அதற்குள் இன்னொரு கடிதம் இருந்தது. எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, எதையும் சத்தமாகப் படிப்பேன். சத்தமாகவே படித்தேன்.

"தங்கைக்கு அண்ணன் எழுதுவது. வாய்த்த வீட்டில் பொறுத்துப் போவதுதான் பெண்ணுக்கு அழகு. இங்கே உனக்கு இடமில்லை. நான் வர மாட்டேன். இனி எழுதி என்னைத் தொந்தரவு செய்யாதே."

அழகான கையெழுத்து. ஒரு எழுத்தும் வரியை விட்டு இறங்கவில்லை. உன் கை. கீழே வட்டம், வட்டத்துக்குள் புள்ளி. அது என் கை. அன்றைக்கு நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "நீ சந்தோஷமா இருக்கறதைக் கேட்டு வயிறு குளிர்ந்து போச்சு, ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போடி" என்று சொன்னேன். நீ தலையை ஆட்டி ஆட்டி எழுதினாய். மை காயட்டும் என்று ஊதினாய். "இங்க போடுங்கண்ணா" என்று இடம் காட்டினாய். நான் சந்தோஷமாகப் போட்டேன்.

படித்துக் காட்டும்போது மாற்றினேன் என்று எழுதியிருந்தாய். பயந்த பிள்ளை என்று அதை விழுங்கப் பார்த்தேன். பாதி விழுங்கியும் விட்டேன். ஆனால் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை என்று போன வாரமும் எழுதினாயே, அது தொண்டையில் நிற்கிறது. இருபத்துமூன்று வயதுக்குப் பயம் என்று பேர் வைக்கலாம். ஐம்பத்தொன்பது வயதுக்கு என்ன பேர் வைப்பது? அகராதியில் தேடிப் பார்.

படித்தவன் ஒரு எழுத்தைச் செருகினால் அதை யாரும் எடுப்பதில்லை என்று தீவுக் கதையில் எழுதினாய். நான் எடுத்துவிட்டேன். கடுகுக்கு எல்லாவற்றையும் எழுதினேன், என் கோணல் கையெழுத்தில், பதினோரு பக்கம். நீ பக்குவமாக எடுத்து எழுத வேண்டாம். பக்குவமாக எழுதியவரை போதும்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். ரயில் ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஊர் போய்ச் சேரும். அவள் ஸ்டேஷனில் நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறாள். "துணைக்கு நான் வரட்டுமா?" என்று லாரிக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஸ்டேஷன் போர்டை நானே படித்து இறங்கிக்கொள்வேன். டீச்சர் பிளாட்பாரத்துக்கு வந்து வழியனுப்புகிறாராம். "லைன்லயே இருங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

உன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சலவைக்கூடத்தில் ஒரு துணி தேய்ந்ததா, கிழிந்ததா என்று தொட்டுப் பார்த்தால் தெரியாது. ஈரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நூல் இருந்து நடுவில் பிளந்திருந்தால் தைக்கலாம். நூலே இல்லையென்றால் தரை துடைக்கத்தான். முப்பத்தெட்டு வருஷம் ஒரு நொடியில் பார்த்துத் தொட்டியில் போட்டவன் நான். இப்போது ஒன்றரை மாதமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கை வலிக்கிறது. கீழே போடவும் மனம் வரவில்லை.

கடுகிடம் கேட்டுப் பார்க்கிறேன். கிழிசல் பார்ப்பதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் என்ன சொன்னாலும், அவள் சொன்னபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல், அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.

அண்ணன்